சாம்பியன் சாகிற சீன்

கிட்ட வந்து உட்காருங்க. குதிரை வாடை அடிக்குமோன்னு தயங்க வேண்டாம், அதெல்லாம் போய் ரொம்ப காலமாச்சு. குதிரைக்காரன் தொழில் எப்படிப்பட்டதுன்னா, குதிரை ஜெயிச்சால் முதலாளி கப்பு வாங்குவார், தோற்றால் குதிரைக்காரன் பேச்சு வாங்குவான். ரெண்டு நாளும் சாணி அள்ளுறது ஒரே ஆள்தான். உங்களில் மாட்டுக்கோ, ஆட்டுக்கோ, மேலதிகாரிக்கோ காலம் பூரா தீனி வச்சு உதை வாங்கினவங்க இருந்தால், மேலே நான் சொல்லப் போறது சட்டுன்னு புரிஞ்சுடும்.

நான் வேலை பார்த்தது இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்க துரை வெள்ளைக்காரர். அவர் ஏறிக்கிட்டு மலை சுற்றிப் பார்க்கப் போகிற குதிரைக்குப் பெயர் பிரின்ஸ். குதிரைக்கு லாயம், எங்களுக்கு லயம்னு சொல்ற வரிசை வீடு. ரெண்டிலே குதிரை இருந்த இடம்தான் கொஞ்சம் அகலம். என்கூட லாயத்தில் இருந்தவள் செல்லாயி, புல்லுக்காரி. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் புல் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து வந்து போடுறது அவள் வேலை. பிரின்சுக்கு அவள் வச்ச பெயர் 'நாலுகால் தொரை'. அந்த நாலுகால் துரை ஒரு சினிமாவில் ரேஸ் சாம்பியனாக நடிச்சது. அந்தக் கூத்தைத்தான் சொல்றேன்.

பாசம்

சுதந்திரம் கிடைச்ச பிறகு துரைமார் ஒவ்வொருத்தராகத் தோட்டத்தை ஒப்படைச்சுட்டுச் சீமைக்குக் கப்பலேறிக்கிட்டிருந்த காலம். கப்பலேறும் முன்னால் அவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பீங்கான், கட்டில், நாற்காலி எல்லாத்தையும் ஏலம் போட்டு வித்துடுவாங்க. நாயையும் குதிரையையும் மட்டும் விக்க மாட்டாங்க. தனக்குப் பிறகு அது கண்டவன் கையில் அகப்பட்டு, வண்டியில் பூட்டி அடிபட்டுச் சாகக் கூடாதாம். அதனால் தன் கையாலேயே சுட்டுப் புதைச்சுட்டுப் போவாங்க. அவ்வளவு பாசம்.

ஒரு நாள் எங்க துரையும் லாயத்துக்கு வந்தார். பிரின்சின் கழுத்தைத் தடவினார், சர்க்கரைக் கட்டி கொடுத்தார். "சீசன் முடிஞ்சா நாம சீமைக்குப் போறது. பிரின்ஸ் வண்டி இழுக்கற ஜாதி இல்லே. நாமளே நல்லபடி முடிச்சுட்டுப் போறது" என்று தன் தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனார். பிரின்சுக்கு நோய் நொடி ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் வயசு ஏறிப்போச்சு, அவ்வளவுதான். புல்லுக்கட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ளே காது ரெண்டும் நிமிர்ந்துடும். அதைப் போய்ச் சுடுறதா? எப்படியாவது காப்பாத்தணும், ஆனால் துரைகிட்டே போய் யார் பேசுறது? செல்லாயி புல்லுக்கட்டை அவிழ்த்துப் பிரின்ஸ் முன்னால் போட்டாள். போட்டுக்கிட்டே சொன்னாள்:

"நல்ல வேளைண்ணே, தொரைக்கு நம்ம மேல பாசம் இல்ல."

சாம்பியனுக்கு ஆள் எடுத்தாங்க

ஏப்ரலில் ரேசும் விருந்துமாக நடக்கிற சீசனுக்குத் துரை நுவரெலியாவுக்குப் போவார். பிரின்சும் நாங்களும் முன்கூட்டியே போய் ரேஸ்கோர்ஸ் பக்கத்து லாயத்தில் இறங்கிடுவோம். அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. ஏழை வீட்டுக் குதிரை சாம்பியனாகிறது கதை. டைரக்டர் ஐயா பெரிய பெரிய ரேஸ் குதிரைகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி, கதாநாயகனைக் கூட்டிக்கிட்டு வந்தார். மனுஷன் பார்க்க ராஜா மாதிரி இருந்தார். ஆனால் குதிரை மூச்சு விட்டால் இவருக்கு மூச்சு நின்னுபோச்சு. ஒரு கறுப்புக் குதிரை சும்மா காதை ஆட்டியது, அவ்வளவுதான். ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டார்.

டைரக்டர் தலையில் கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். செல்லாயி புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் போனவள் நின்று, "அய்யா, எங்க லாயத்துல ஒண்ணு இருக்குதுங்க. இடி விழுந்தாலும் அசையாது" என்றாள். அங்கே பிரின்ஸ் உதட்டைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னபடியே உறங்கிக்கிட்டிருந்தது. கதாநாயகன் காரிலிருந்து இறங்கி வந்து, ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டார். "தூங்குதா? அப்ப இதுதான் சாம்பியன்" என்று சொல்லிட்டார்.

துரையிடம் கேட்கப் போனாங்க. படம் எடுத்து முடிகிற வரைக்கும் பயணத்தைத் தள்ளிவச்சுக் குதிரையைத் தர்றதாகத் துரை ஒத்துக்கிட்டார். அதாவது, படம் இழுக்கிற வரைக்கும் பிரின்சுக்கு ஆயுசு. படம் ஓடணும்னு அவங்க பூசணிக்காய் உடைச்சாங்க. அது முடியவே கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன். துரைக்குத்தான் சிரிப்பு தாங்கலை:

"பிரின்ஸ் சாம்பியனா? சாப்பாடு வந்தாக்கூட இது ஓடறது இல்லே!"

நட்சத்திரம்

சாம்பியன்னா நெற்றியில் வெள்ளை நட்சத்திரம் இருக்கணுமாம். பிரின்சுக்கு அது கிடையாது. ஒப்பனைக்காரர் மைதா மாவைக் கரைச்சு, கொஞ்சம் சீனியும் போட்டு, அழகாக ஒரு நட்சத்திரம் எழுதினார். சீனி போட்டால் பசை நல்லா ஒட்டுமாம். எழுதிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் நெற்றி துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு. மறுபடி எழுதினார். மறுபடி காணோம். காலையிலிருந்து எடுத்த சீனில் பாதியில் நட்சத்திரம் இருக்கு, பாதியில் இல்லைன்னு டைரக்டர் தாம்தூம்னு குதிச்சார். ஒப்பனைக்காரர் கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னார்:

"நான் என்ன சார் பண்றது, பக்கத்துக் குதிரை நட்சத்திரத்த நக்கித் தின்னுடுது."

குதிரைக்காரன் மாதிரி இல்லாத குதிரைக்காரன்

படத்தில் சாம்பியனை வளர்க்கிற குதிரைக்காரனாக ஒரு நடிகர் வந்திருந்தார். தலையில் பட்டுத் தலைப்பா, இடுப்பில் ஜரிகைக் கச்சை, காதில் கடுக்கன். நான் சாக்கைப் போர்த்திக்கிட்டு நிற்கிறேன். அவர் ரொம்ப மரியாதையாக என்னைக் கேட்டார், "அண்ணே, நீங்க தனியா இருக்கறப்ப குதிரைகிட்ட என்ன பேசுவீங்க?" நான் யோசிச்சுப் பார்த்து, "தள்ளு, தள்ளு, கால எடுன்னு சொல்லுவேங்க" என்றேன். மனுஷன் முகம் வாடிப்போச்சு. கடைசியில் அவர் குதிரைக் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தன் சோகத்தையெல்லாம் ஒரு பாட்டு முழுக்கப் பாடினார். பிரின்ஸ் அமைதியாகக் கேட்டுக்கிட்டு நின்னது. பாட்டு முடிகிறப்போ ஜரிகைக் கச்சையில் பாதியைக் காணோம்.

எனக்கும் ஒரு வேஷம் கொடுங்கன்னு கேட்டேன். பின்னால் நின்று சாணி அள்ளுற குதிரைக்காரனாகவாவது வர்றேன், எனக்குப் பழக்கமான வேலைதானேன்னு சொன்னேன். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கோட்டு, ஒரு தொப்பி, கழுத்தில் தொங்கப்போட ஒரு தூரப்பார்வைக் கண்ணாடி கொடுத்து, ரேஸ் பார்க்கிற பணக்காரங்க வரிசையில் முன்னால் உட்கார வச்சார். எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேடிக்கை பார்க்க வந்தவர், என்னைப் பார்த்து யாரோ பெரிய மனுஷன்னு சலாம் போட்டுட்டார். அப்புறம் ஒரு மாசம் என்னோடு பேசலை. எனக்கு ஏன் குதிரைக்காரன் வேஷம் இல்லைன்னு கேட்டதுக்கு டைரக்டர் சொன்னது இது:

"கோவிச்சுக்காதப்பா, உன்னப் பாத்தா குதிரைக்காரன்னு எவனும் நம்ப மாட்டான்."

ஜெயிச்ச கதை

ரேஸ் எடுக்கிற நாள் வந்தது. கூட்டத்துக்கு ஆள் வேணும்னு எங்க தோட்டத்துப் பெண்களையே லாரியில் ஏத்திக்கிட்டு வந்தாங்க. கொழுந்து எடுத்து முடிச்ச கையோடு வந்ததால் முதுகில் கூடை அப்படியே இருந்தது. குதிரைகள் வரும்போது கையை ஆட்டி 'ஓடு ராஜா ஓடு'ன்னு கத்தணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. பிரின்ஸ் மேலே கதாநாயகன் மாதிரியே உடுத்தின ஒரு ஜாக்கி. மத்தக் குதிரைகளில் நிஜமான ஜாக்கிகள்.

கொடி இறங்கியது. பிரின்ஸ் புறப்பட்டது, முதல் கூடையைப் பார்த்ததும் நின்றது. அது காலம் பூரா செஞ்ச வேலை அதுதானே! மலையில் கொழுந்து எடுக்கிற ஒவ்வொருத்தி பக்கத்திலும் துரை குதிரையை நிறுத்தி, முற்றின இலை கலந்திருக்கான்னு கூடைக்குள் பார்ப்பார். சரி, குதிரைதான் அப்படி. எங்க பெண்கள் பண்ணின கூத்தைக் கேளுங்க. பிரின்ஸ் பக்கத்தில் வந்து நின்றதும் கத்துறதை நிறுத்திட்டாங்க. கூடையை இறக்கிக் கீழே வச்சு, தலையைக் குனிஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. ஒருத்தி வெறுங்கூடையைச் சாய்ச்சுக் காட்டி, "முத்தல் இல்லிங்க, எல்லாம் நல்ல கொழுந்துங்க" என்று ஜாக்கியிடம் சொல்றாள்! சாம்பியன் இப்படி ஒவ்வொரு கூடையாகப் பார்த்துப் பார்த்து வந்துக்கிட்டிருந்தது. மத்தக் குதிரைகள் ரேஸை முடிச்சு லாயத்துக்கே போய்ச் சேர்ந்துடுச்சு.

செல்லாயிதான் வழி சொன்னாள். கூடைகளையெல்லாம் வாங்கி, ரேஸ் முடிகிற கம்பத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குவிச்சு வச்சாள். வழியில் ஒண்ணுகூட இல்லை, அங்கே மலை மாதிரி கூடை. பிரின்ஸ் தன் ஆயுசில் ஓடாத ஓட்டம் ஓடியது. இருந்தாலும் மத்ததெல்லாம் நிஜ ரேஸ் குதிரைகளாச்சே! ஜாக்கிமார் கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்து இழுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பின்னால் வந்தாங்க. படம் வெளியானப்போ ஹட்டனில் போய்ப் பார்த்தோம். கம்பத்துக்கிட்டே கதாநாயகனின் விதவைத் தாய் கண்ணீரோடு நிற்கிறாள், அதைப் பார்த்துத்தான் சாம்பியன் அப்படிப் பாய்ந்து வருதாம். கூடை ஒண்ணைக்கூடக் காட்டலை. அன்னைக்குக் குதிரையை விட்டு இறங்கின ஜாக்கி ஒருத்தர் தோளைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கு:

"சொல்லிவச்சுத் தோத்தப்பக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லப்பா."

துரைக்கு வேஷம் கட்டினாங்க

நான் பிரின்சுக்கு நாள் எண்ண ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். மிச்சம் இருந்தது கடைசி சீன் ஒண்ணு. ஜெயிச்ச சாம்பியன் கால் ஒடிஞ்சு விழுகிறது. அதன் வேதனை பொறுக்காமல் வெள்ளைக்கார முதலாளி தன் கையாலேயே சுடுறார். இதை எடுத்து முடிச்சதும் படம் முடிஞ்சது. படம் முடிஞ்சதும் நிஜச் சூடு. வெள்ளைக்காரனாக நடிக்க வந்தவர் மெட்ராஸ்காரர். முகத்தில் பவுடரை அப்பிக்கிட்டு நின்றார். நுவரெலியாப் பனி இறங்கியது. வெள்ளைக்காரர் கோடு கோடாகக் கரைஞ்சு வழிஞ்சார்.

செல்லாயி டைரக்டர் முன்னால் போய் நின்றாள். "எங்க தொரையையே போடுங்களேன் அய்யா. நெசமான வெள்ளக்காரரு. எப்படியும் இந்தக் குதிரையைச் சுடப்போறவரு" என்றாள். டைரக்டர் துள்ளிக் குதிச்சுக்கிட்டுத் துரையைக் கூப்பிட ஓடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, எரியிற நெருப்புல நீயே எண்ணெய ஊத்தறியே?" என்று கேட்டேன். "சுடறதுன்னா என்னான்னு ஒத்திகை பாத்துக்கட்டும்ணே" என்றாள்.

துரை கோட்டும் டையுமாக வந்துட்டார். துப்பாக்கியில் வெறும் சத்தம் மட்டும் வர்ற தோட்டா. 'நண்பா, விடை கொடு, உன் வேதனை என் வேதனை' என்று அவர் சொல்லணும். அவருக்குத் தெரிஞ்ச தமிழ் வேலை ஏவுகிற தமிழ்தான். மார்பில் கை வச்சுக்கிட்டு, "ஏய் நண்பா! வேதனை! நாளைக்கு வெள்ளன பெரட்டுக்கு வா!" என்றார். செத்துப்போகிற குதிரையை மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு வரச் சொல்றார்! ஒருவழியாக வசனம் வாயில் நுழைஞ்சதும் சுட்டார். துரையோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய் வந்த குதிரை, அதுக்கு வெடிச் சத்தம் தாலாட்டு மாதிரி. விழறதுக்குப் பதிலாக நேரே துரையிடம் நடந்து வந்து, கோட்டுப் பையில் சர்க்கரைக் கட்டி இருக்கான்னு மூக்கை நுழைச்சுத் தேடியது. "மறுபடியும்!" என்றார் டைரக்டர். மறுபடி வசனம், மறுபடி வெடி, மறுபடி மூக்கு. ஒவ்வொரு தடவையும் துரையின் கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போச்சு. "இன்னும் கொஞ்சம் சோகம் வேணும் துரை" என்று டைரக்டர் சொன்னபோது, அவர் துப்பாக்கியைப் புல்லில் போட்டுட்டு உடைஞ்ச குரலில் சொன்னார்:

"நாம ஒரு தடவை சுடற ஆள். நீ பொழுது பூரா சுடச் சொல்றான்!"

சாவு

இருந்தாலும் சாம்பியன் செத்துக் கிடக்கணுமே. நான் காலைப் பிடிச்சு இழுத்தேன், கழுத்தில் தொங்கினேன், வயிற்றில் தோள் கொடுத்துத் தள்ளினேன். விழுந்தது நான்தான். செல்லாயி அதுக்கு வயிறு முட்டப் புல் போட்டுட்டு, "வெயில் வரட்டும்" என்றாள். நுவரெலியாவில் வெயிலுக்குக் காத்திருக்கிறது என்ன சாமானியமா? பெரிய பெரிய விளக்கையெல்லாம் வச்சுக்கிட்டுக் கம்பெனியே வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தது. ஒரு மத்தியானம் மேகம் விலகியது. பிரின்ஸ் சூடு பட்ட புல்லில் மெல்லப் படுத்தது. புரண்டது. நாலு காலையும் நீட்டிவிட்டுக் கண்ணை மூடியது. நிஜப் பிணம் தோற்றுப்போகும். குறட்டை மட்டும் வந்தது, அதுமேலே சோக வாத்தியம் போட்டு மறைச்சுக்கலாம்னாங்க.

கேமரா ஓடியது. துரை சொல்லிக் கொடுத்தபடி மண்டியிட்டுக் குதிரையின் தலையை மடியில் எடுத்து வச்சார். வசனத்தைச் சொல்லலை. தொப்பியால் முகத்தை மூடிக்கிட்டார். தோள் ரெண்டும் குலுங்கியது. அது நடிப்பு இல்லைன்னு எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. குதிரைக்காரனாக நடிச்சவர் கேவினார், கதாநாயகன் முதல் தடவையாகக் குதிரைக்கு ரொம்பக் கிட்டே வந்து நின்று அழுதார், உயிரோட இருக்கிற குதிரைக்காக நானும் குமுறிக் குமுறி அழறேன். பிரின்ஸ் ஒருத்தர்தான் சுகமாக இருந்தார். டைரக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே எங்க எல்லாரையும் பார்த்துக் கிசுகிசுத்தார்:

"நல்லா அழுங்க, ஆனா சத்தம் வேணாம், சாம்பியன் முழிச்சுக்கும்!"

சத்தியம்

சினிமாக் கம்பெனி மூட்டை கட்டிப் போயாச்சு. நாங்க பிரின்சைக் கூட்டிக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். கொஞ்ச நாளில் துரையின் பெட்டியெல்லாம் லாரியில் ஏறியது. அன்னைக்குக் காலையில் துரை துப்பாக்கியோடு லாயத்துக்கு வந்தார். இது நிஜத் தோட்டா. பிரின்சை வெளியே கொண்டுவரச் சொன்னார். கயிற்றை அவிழ்க்க நான் போகலை. செல்லாயிதான் அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

துரை துப்பாக்கியைத் தூக்கினார். குறி பார்த்தார். "நண்பா..." என்று அவரை அறியாமல் வாய் முணுமுணுத்தது. அப்படியே நின்னுட்டார். செல்லாயி கயிற்றை விடாமல் சொன்னாள், "ஏற்கனவே செத்து, அழுது முடிச்சாச்சுங்களே தொரை. இன்னொருக்கா எதுக்குங்க?"

துரை துப்பாக்கியைத் தாழ்த்தினார். தோட்டாவைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிரின்சின் நெற்றியில் தன் நெற்றியை வச்சார். அப்புறம் அவளைப் பார்த்து, "நாம போனா, வண்டியில கட்டறது?" என்று கேட்டார்.

"வண்டியில பூட்ட மாட்டேங்க தொரை. மாரியாத்தா மேல சத்தியம்" என்று செல்லாயி தரையில் அடிச்சுச் சொன்னாள்.

"அப்போ நீயே வச்சுக்கோ" என்று சொல்லிட்டுத் துரை திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். வரப்போகிற புதுத் துரை ஜீப்பில் சுத்துறவர், குதிரை வேணும்னு கேட்கப் போறதில்லை. கார் வளைவில் மறைகிற வரைக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், செல்லாயி அன்னைக்கு அறுத்த புல்லையெல்லாம் ரெண்டு கட்டாகக் கட்டி, பிரின்சின் முதுகில் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணாகத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டுக்கிட்டிருக்காள்.

"அடிப்பாவி, இப்பத்தானேடி சத்தியம் பண்ணின!" என்றேன்.

"வண்டிக்குத்தாண்ணே சத்தியம் பண்ணேன். முதுகுக்கு எவ பண்ணா?"

சினிமாக்காரங்க சாம்பியனைச் சாகடிச்சு ஊரையே அழ வச்சாங்க, செல்லாயி அதுக்கு ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுத்துட்டு, கையை வீசிக்கிட்டு முன்னால் நடந்து போனாள்.